இரண்டு காதிலும் ஊதாப் பொட்டு

என் நாட்குறிப்பில் 1962 ஜனவரி 8, திங்கட்கிழமை என்ற பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "காலை 7.10 முதல் 9.40 வரை. ஸ்ரீரங்கம், கொள்ளிடக் கரைப் பால்காரர் குடியிருப்பு. கன்றுகள் இருபத்து நான்கு. இடது காதில் ஊதாப் பொட்டு: தடுப்பு மருந்து. வலது காதில் ஊதாப் பொட்டு: வெறும் உப்பு நீர். பொட்டு வைக்கும் யோசனை கம்பவுண்டருடையது."

மழை பெய்தால் எத்தனை மணிக்கு, பஸ் தாமதமானால் எத்தனை நிமிடம் என்று குறித்துவைப்பது என் வழக்கம். ஒரு யோசனை யாருடையது என்று அதற்கு முன்னும் பின்னும் நான் குறித்ததில்லை. அன்று குறித்ததற்குக் காரணம் உண்டு. அந்த யோசனை கெட்டுப்போக வேண்டும் என்று நினைத்தேன். கெட்டுப்போகும்போது அது யாருடையது என்பதற்கு எழுத்தில் சாட்சி இருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

நான் திருச்சியில் ஒரு மாட்டாஸ்பத்திரியில் கிளார்க்காக இருந்தேன். 1954 ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்தேன். குடியிருப்பு ஸ்ரீரங்கத்தில், வடக்கு உத்தர வீதியில். இண்டர்மீடியட்டில் சயன்ஸ் படித்தவன். மேலே படிக்க வசதியில்லாமல் போனதால், படிக்க முடியாததையெல்லாம் நூலகத்தில் வாசித்துத் தீர்த்துக்கொண்டிருந்தேன். அம்மைப் பால் எப்படி வந்தது, வெறிநாய்க் கடிக்கு மருந்து கண்டுபிடித்தவர் முதலில் கோழிகளை வைத்து என்ன செய்தார் என்பதெல்லாம் எனக்கு வருடம் மாதத்தோடு தெரியும். ஆஸ்பத்திரியில் அதைக் கேட்க ஆளில்லை.

கம்பவுண்டர் 1957-இல் வந்தார். பாலக்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அவருடைய அத்தா மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர். இவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, தகப்பனாரோடு சந்தை சந்தையாகச் சுற்றி, பிறகு எப்படியோ பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தவர். அதுவும் தற்காலிக வேலை. வருடத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவுக்கு எழுதுகிறவன் நான்தான். என்னைவிட நான்கு வயது சிறியவர். உதைக்கிற மாடு அவர் அருகில் போனால் உதைக்காது. அதை முதலில் பார்த்தபோது தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவது, மூன்றாவது முறை பார்த்த பிறகு, அவர் மாட்டருகில் போகும்போதெல்லாம் நான் ரிஜிஸ்டரில் தலையைக் கவிழ்த்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

1960-இல் புது டாக்டர் வந்தார். பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரு வருடம் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். மார்கழி, தை மாதங்களில் ஆற்றங்கரைக் கன்றுகளுக்கு வருகிற சளிக் காய்ச்சல்தான் அவருக்கு எப்போதும் பேச்சு. மூன்று நான்கு மாதக் கன்று; முதல் நாள் மூக்கு ஒழுகும், இரண்டாம் நாள் பால் குடிக்காது, மூன்றாம் நாள் விலா எலும்பு தெரிய மூச்சு இழுக்கும், பிறகு போய்விடும். கன்று போனால் பசு பாலைச் சுரக்காது. பால்காரர்கள் செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். தொண்டை அடைப்பான் என்ற மாட்டு நோய்க்கு அரசாங்கத்திலிருந்து வருகிற ஊசி மருந்து இதைத் தடுக்கவில்லை. இங்கே சாகிற கன்றின் நுரையீரலிலிருந்தே கிருமியை எடுத்து, வளர்த்து, கொன்று, அதையே மருந்தாகப் போட்டால் தடுக்கும் என்பது டாக்டரின் நம்பிக்கை.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் தீவன அறையாக இருந்ததைக் காலி செய்து வெள்ளையடித்தார்கள். அங்கேதான் நான் தோற்றுப்போனேன். கிருமி வளர்வதற்கு மாட்டிறைச்சியைக் கொதிக்கவைத்து வடித்த சாறு வேண்டும். கம்பவுண்டர் விடியற்காலையில் சைக்கிளில் போய் இறைச்சி வாங்கி வந்து, கொழுப்பை நீக்கி, நறுக்கிக் கொதிக்கவைப்பார். முதல் நாள் அந்த வாடையில் எனக்குத் தலை சுற்றியது. டாக்டர் கேட்டார், "உள்ளே வந்து குறிப்பு எடுக்கிறீங்களா?" நான், "வெளியிலிருந்தே எழுதிக்கறேன் சார்" என்றேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டேன். இரண்டு வருடம் அந்த ஸ்டூலில்தான் இருந்தேன். முதல் மாதம் உள்ளே போகப் பிடிக்கவில்லை. பிறகு உள்ளே போக ஆசை வந்தது. அதற்குள் உள்ளே இடமில்லை. இருவர் நிற்கிற அறையில் அவர்கள் இருவரும் நின்றார்கள்.

"பாய், நேத்து வச்ச குழாய் எப்படி?"

"மேலே தெளிவா இருக்கு, கீழே மாவு மாதிரி இறங்கியிருக்கு சார். ஆட்டினா புகை மாதிரி எழும்புது. இது நல்ல பிள்ளை. அந்த ரெண்டாவது குழாய் ஒண்ணு நாறுது. அதுல வேற எதுவோ பூந்துடுச்சு."

"மைக்ராஸ்கோப்ல பார்க்காமலே சொல்றீங்களா?"

"பாருங்க சார். பார்த்துட்டுத் திட்டுங்க."

டாக்டர் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. நான் வெளியே, "குழாய் 2: கலப்பு" என்று எழுதினேன். காலையில் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது டாக்டர் கேட்கிற முதல் வார்த்தை "பாய் எங்கே?" என்பதாக இருந்தது. என்னை அவர் தேடியதில்லை; நான் எப்போதும் என் நாற்காலியில் இருந்தேன்.

1961 ஆகஸ்டில் ஒரு வாரம் உட்கார்ந்து, தடுப்பு மருந்துகளின் வரலாற்றை முழுத் தாளில் மூன்று பக்கத்துக்குச் சுருக்கி எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். "பேஷ்" என்றார். அடுத்த நாள் அது மைக்கூட்டுக்கு அடியில் இருந்தது. ஒரு வாரம் கழித்தும் அங்கேயே இருந்தது, வட்டமாக மைக்கறையோடு. அதே மாதத்தில் மேலிடத்துக்கு டாக்டர் எழுதிய கடிதத்தை டைப் அடித்தவன் நான். "எங்கள் கம்பவுண்டர் முதலில் கவனித்தபடி" என்று அதில் இரண்டு இடத்தில் வந்தது. இரண்டு இடத்தையும் ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்தேன்.

நவம்பரில் பதில் வந்தது. கோப்பில் வைத்தவன் என்பதால் அதன் சாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொள்ளிடக் கரையில் ஒரு பருவம் சோதித்துப் பார்க்கலாம். பாதிக் கன்றுகளுக்கு மருந்து, பாதிக்கு உப்பு நீர். மருந்து போட்ட கன்று ஒன்று இந்த நோயால் இறந்தாலும் மாவட்ட அளவில் மருந்து தயாரிப்பதை நிறுத்தி, கிருமிக் குழாய்களைப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். வெற்றியானால் அடுத்த வருடமும் தொடரலாம். டாக்டர் சிபாரிசு செய்த கம்பவுண்டருக்கு ஆய்வுக்கூட உதவியாளர் வேலை நிரந்தரமாகும், ஆறு மாதப் பயிற்சிக்கும் அனுப்புவார்கள்.

கம்பவுண்டருக்கு அப்போது மூன்று பெண் குழந்தைகள். கடிதத்தை நான் தமிழில் படித்துக் காட்டியபோது இரண்டு முறை படிக்கச் சொன்னார். "நிரந்தரம்ங்கிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிங்க சார்" என்றார். வாசித்தேன். எட்டாவது படித்தவருக்கு ஆய்வுக்கூடம், எனக்கு ஸ்டூல் என்ற நினைப்போடுதான் வாசித்தேன்.

ஜனவரி 8-ஆம் தேதி காலை, கண்ணாடிக் குப்பிகளைக் காப்பி ஃபிளாஸ்கில் ஐஸ் துண்டுகளோடு வைத்து எடுத்துக்கொண்டு போனோம். காதில் மாட்ட உலோகத் தகடு கேட்டு எழுதியிருந்தோம், வரவில்லை. அதனால்தான் பொட்டு. புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தைக் குச்சியில் சுற்றிய பஞ்சால் தொட்டுக் காதின் அடியில் வைத்தார் கம்பவுண்டர். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு இரண்டாகக் கன்றுகளை எடுத்து, ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு உப்பு நீர். டாக்டர் ஊசி போட்டார். கம்பவுண்டர் கன்றைப் பிடித்துக்கொண்டு, எனக்கு அடையாளம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"எழுதிக்கங்க சார். வெள்ளை, கிடாரி. நெத்தியில கோபுரச் சுழி. முதுகுல வால் பக்கமா பூரான் சுழி ஒண்ணு."

மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கிற இடத்தைப் பார்த்து நல்ல மாடு, ஆகாத மாடு என்று சொல்வது சந்தைக்காரர்கள் வழக்கம். நான் "வெள்ளை, கிடாரி" என்று மட்டும் எழுதினேன்.

"சுழியை எழுதலீங்களே?"

"இது கவர்ன்மெண்ட் ரிஜிஸ்டர் பாய். சந்தை இல்லை."

"ராசி பார்க்கச் சொல்லல சார். அடையாளத்துக்குச் சொன்னேன்." சிரித்துக்கொண்டார். "எங்க அத்தா, பெத்த பிள்ளை முகம் மறந்தாலும் மறப்பாரு, வித்த மாட்டுச் சுழி மறக்கமாட்டாரு." அதற்குப் பிறகும் ஒவ்வொரு கன்றுக்கும் சுழியைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், எனக்காக அல்ல, தனக்குத்தானே. நான் ஒன்றைக்கூட எழுதவில்லை.

கடைசி வீடு எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற அம்மாளுடையது. அங்கே ஊசி அடைத்துக்கொண்டது. வேறு ஊசியை வெந்நீரில் போட்டெடுக்கக் கம்பவுண்டர் அடுப்படிக்குப் போனார். போகும்போது பஞ்சுக் குச்சியை என்னிடம் கொடுத்து, "இது ரெண்டுக்கும் பொட்டு நீங்க வைங்க சார். உங்க வீட்டுக்குப் பால் குடுக்கிற மாட்டோட கன்னு" என்றார். வேறொரு ஊசி டாக்டர் பையிலேயே கிடைத்துவிட்டதால் கம்பவுண்டர் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பால்காரம்மா பிடித்துக்கொள்ள, டாக்டர் போட, நான் பொட்டு வைத்தேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் கிடாரி, ஏறக்குறைய ஒரே வயது. அப்படியே இரண்டு வரி எழுதினேன். ஒன்றின் எதிரில் மருந்து, மற்றதன் எதிரில் உப்பு நீர்.

பொட்டு மங்கினால் தொட்டு வைக்கச் சொல்லி ஊதா மருந்துச் சீசாவைப் பால்காரம்மாவிடம் விட்டுவிட்டு வந்தார் கம்பவுண்டர். மாட்டுப் பொங்கலுக்கு ஒரே வாரம் இருந்தது. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் தீட்டி, உடம்பெல்லாம் பொட்டு வைக்கிற நாள் வருகிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. டாக்டருக்கும் தோன்றவில்லை. பஸ் ஏறும்போதே எனக்குத் தோன்றிவிட்டது. தேதிகள் என் வேலை. நான் சொல்லவில்லை.

ஜனவரி 13, சனிக்கிழமை, போகி. காலையில் பால் ஊற்ற வந்த அம்மாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். மாட்டுப் பொங்கலுக்குக் கன்னையெல்லாம் குளிப்பாட்டணும். காதுல இருக்கிற பொட்டு போயிடுமே?"

"போனா மறுபடி வச்சுடு. பாய்தான் சீசா குடுத்திருக்காரே."

"வைக்கலாம் சாமி. ஆனா ஒத்தைக் காதுல வச்சுப் பார்க்க நல்லாவே இல்லீங்க. பொண்ணுக்கு ஒத்தைத் தோடு போட்ட மாதிரி இருக்கு. நல்ல நாளும் அதுவுமா, ரெண்டு காதுக்கும் வச்சா என்னங்க? எல்லாரும் கேக்கறாங்க."

கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "பாயைக் கேளேன்" என்றேன்.

"அவரு பொங்கல் கழிச்சுத்தான் வருவாராமே."

"அப்ப உங்க இஷ்டம்."

அவர் போன பிறகு என் மனைவி பாலை எடுத்துக்கொண்டே கேட்டாள். "ஏன்னா, அது ஏதோ அடையாளத்துக்கு வச்ச பொட்டுன்னு நீங்கதானே சொன்னேள்?"

"அந்த யோசனை என்னோடது இல்லை."

"யாரோடதா இருந்தா என்ன? கன்னுக்குட்டி அவாளோடது. எனக்கென்னமோ இப்பல்லாம் நீங்க சாப்பிடறச்சே பேசறது ரெண்டே விஷயம்தான். ஒண்ணு டாக்டர் உங்களைக் கேக்கலைங்கறது. இன்னொண்ணு கம்பவுண்டரைக் கேட்டார்ங்கறது."

நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி 16, செவ்வாய்க்கிழமை மூவரும் போனோம். குடியிருப்பே வர்ணத்தில் இருந்தது. கொம்பில்லாத கன்றுகளுக்குக்கூட நெற்றியில் குங்குமம், விலாவில் காவிப் பொட்டு, கழுத்தில் வாடிய நெட்டி மாலை. இருபத்து நான்கு கன்றுகளுக்கும் இரண்டு காதிலும் ஊதாப் பொட்டு. சீசா காலியாகும்வரை வைத்திருக்கிறார்கள். டாக்டர் முதலில் சிரித்துவிட்டார். பிறகு ஒரு கன்றின் காதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்க ரிஜிஸ்டர்ல என்ன இருக்கு?" என்றார் என்னைப் பார்த்து.

"முதல் வீடு. வெள்ளை, கிடாரி, மருந்து. வெள்ளை, கிடாரி, உப்பு நீர்."

"ரெண்டும் வெள்ளை. ரெண்டும் கிடாரி. வேற?"

வேறு ஒன்றுமில்லை. எனக்கு வியர்த்தது. ஆனால் உள்ளே ஓர் ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. கம்பவுண்டரின் முகம் வெளுத்திருந்தது. சீசாவை விட்டுவிட்டு வந்தது அவர்தான்.

அவர் முதல் கன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். நெற்றிக் குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். முதுகை வாலிலிருந்து மேலே தடவினார். "இது கோபுரச் சுழி. பூரான் சுழியும் இருக்கு. இது மருந்து. எழுதுங்க சார்." அடுத்ததற்குப் போனார். "இதுக்கு நெத்தியில ரெட்டை. இது தண்ணி." இப்படியே பதினோரு வீடு. ஓர் இடத்திலும் திரும்பி வந்து பார்க்கவில்லை. டாக்டர் சோதிப்பதற்காக மூன்றாவது வீட்டுக்கு மறுபடி கூப்பிட்டுப் போய், கன்றுகளை இடம் மாற்றிக் கட்டச் சொல்லிக் கேட்டார். கம்பவுண்டர் சரியாகச் சொன்னார். நான் வேண்டாம் என்று விட்ட சுழிகளையெல்லாம் அன்று டாக்டரின் உத்தரவுப்படி ரிஜிஸ்டரில் எழுதினேன். இருபத்திரண்டு வரி. என் கையெழுத்து அவ்வளவு மோசமாக வேறு எந்தப் பக்கத்திலும் இல்லை.

கடைசி வீட்டில் கம்பவுண்டர் கன்றுகளைத் தொடவில்லை. "இது ரெண்டையும் நான் பார்க்கல சார். நான் அடுப்படியில இருந்தேன். பொட்டு வச்சது கிளார்க் சார்தான்."

டாக்டர், "எனக்கு ரெண்டும் சலவைத் துணி மாதிரிதான் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. எது மருந்து?"

இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தெரியவில்லை. பொட்டு வைத்த கை என்னுடையது. பார்த்த கண் என்னுடையது. ஆனால் நான் கன்றைப் பார்க்கவே இல்லை, பஞ்சையும் ரிஜிஸ்டரையும்தான் பார்த்தேன். தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த இரண்டையும் கணக்கிலிருந்து நீக்கியிருப்பார்கள்; பாக்கி இருபத்திரண்டு போதும். ஆனால் பதினோரு வீட்டில் ஒரு மனிதர் குந்தி உட்கார்ந்து விரலால் தடவித் தடவிச் சொல்லி முடித்த பிறகு, பன்னிரண்டாவது வீட்டில் நின்றுகொண்டு தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதவுப் பக்கம் கட்டியிருந்த கன்றைக் காட்டி, "இதுதான் சார், மருந்து" என்றேன்.

அன்றே மருந்துக் கன்றுகளுக்குக் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். அதை அவிழ்க்கக் கூடாது என்று டாக்டரே வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். நான் காட்டிய கன்றுக்கும் கறுப்புக் கயிறு.

பிப்ரவரி தொடங்கும்போது குளிர் அதிகம். உப்பு நீர்க் கன்றுகளில் சில இருமின. மாத்திரை கொடுத்து டாக்டர் காப்பாற்றினார். கறுப்புக் கயிற்றுக் கன்றுகள் துள்ளிக்கொண்டிருந்தன. பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை போனபோது பால்காரம்மாவின் கறுப்புக் கயிற்றுக் கன்று மூலையில் படுத்திருந்தது. மூக்கில் சளி, விலாவில் இழுப்பு. டாக்டர் ஊசி போட்டார். கம்பவுண்டர் கோணிப் பையைச் சூடு காட்டிப் போர்த்திவிட்டு, வெகுநேரம் அதன் பக்கத்திலேயே இருந்தார்.

அந்த நாட்களில் எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் சேருவதாக ஊரெங்கும் பயம். ஸ்ரீரங்கத்தில் தெருவுக்குத் தெரு ஹோமம். உலகம் முடிந்துவிடும் என்று சிலர் பஸ் ஏறாமல் இருந்தார்கள். பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை காலை கன்று இறந்தது. அன்றைக்குச் செத்த உயிரை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, சொல்லி அனுப்பாமலே கொள்ளிட மணலில் புதைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை டாக்டர் நுரையீரல் வேண்டும் என்று கேட்டபோது, இடத்தைக் காட்ட ஒருவரும் வரவில்லை. கிரகம் பிரியட்டும் சாமி என்றார்கள். பிரிந்த பிறகு இடம் தெரியவில்லை என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து டாக்டர் தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். கம்பவுண்டரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீங்க காட்டின கன்னு. அது மருந்து போட்டதுதானே?"

"ஆமாம் சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்லை. ஒருத்தர் வேலை இருக்கு இதுல."

யாருடைய வேலை என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் என் முழங்கை இடிக்கிற தூரத்தில்தான் நின்றார். பயிற்சிக்குப் போய், திரும்பி வந்து, ஜன்னலுக்கு உள்ளே நிரந்தரமாக அவர் நிற்பதையும், வெளியே என் ஸ்டூலையும் பார்த்தேன். "நிச்சயம் சார்" என்றேன்.

டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. கம்பவுண்டர், "சார் தேதி தப்பாத மனுஷர். சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். அதில் கிண்டல் இருக்கிறதா என்று பல நாள் யோசித்தேன். கிண்டல் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரலில் மருந்து தயாரிப்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. கிருமிக் குழாய்களைப் பஞ்சு சுற்றிப் பெட்டியில் அடுக்கியவர் கம்பவுண்டர். எஞ்சியிருந்த சாற்றைக் கொதிக்கவைத்துக் கொட்டியவரும் அவர்தான். அவருடைய நீட்டிப்பு உத்தரவு வரவில்லை. நான் வழக்கம்போல் மார்ச்சிலேயே எழுதியிருந்தேன். தேதியோடு நகல் இருக்கிறது. அந்த வேலையில் நான் குறை வைக்கவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயிற்சிக்கு வேறு மாவட்டத்திலிருந்து யாரோ போனார். பின்பக்கத்து அறையில் மறுபடி தீவனம் வைத்தார்கள். ஸ்டூலை நான் உள்ளே எடுத்து வைத்தேன்.

கம்பவுண்டர் தகப்பனாரோடு மணப்பாறைச் சந்தைக்கே திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். 1966 அக்டோபர் 11, செவ்வாய்க்கிழமை மாலை அவரைத் தற்செயலாகப் பார்த்தேன், மன்னார்புரத்தில், பஸ்ஸுக்காக நின்றபோது. முன்தலை நரைத்திருந்தது. அவர்தான் முதலில் பேசினார்.

"சார், நல்லா இருக்கீங்களா? வீட்டுல அம்மா சௌக்கியமா?"

டீ வாங்கிக்கொடுத்தார். பெரிய பெண்ணுக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். என் பஸ் வந்தது, நான் ஏறவில்லை. நாலரை வருடமாக எழுதிப் பார்த்து அடித்த வாக்கியத்தை வாயால் சொன்னேன்.

"பாய், அன்னிக்கு நான் காட்டின கன்னு. எனக்கு எதுன்னு தெரியாது. சும்மாத்தான் காட்டினேன்."

அவர் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"கையைக் காட்டறப்ப உங்க முகத்தைப் பார்த்தேனே. மாட்டோட வயசு தெரியாம வயசு சொல்றவன் முகம் எங்களுக்குத் தெரியாதா? சந்தையில தெனம் பார்க்கிறது."

"அப்ப டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"அவரு என்னைக் கேக்கலீங்களே. உங்களைத்தானே கேட்டாரு. ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை உங்களைக் கேட்டாரு. அதுலயும் நான் குறுக்கே வரணுமா? ரெண்டு வாரத்துல கயிறு கட்டின கன்னு படுக்கும்னு யாரு கண்டா?"

"கடைசியிலயாவது சொல்லியிருக்கலாம். உங்க வேலை போச்சே."

"கடைசியில சொன்னா என் வேலைக்காகச் சொல்றேன்னு ஆயிடும் சார். நான் பார்க்காத கன்னைப் பத்தி நான் என்ன சொல்ல?" என்றார். பிறகு, "ரெண்டு டீ ஆறிப்போச்சு" என்று கடைக்காரரிடம் கிளாஸை நீட்டினார்.

அன்று வீட்டுக்கு வரும்வரை எனக்கு வருத்தமாக இல்லை. பொறாமையாக இருந்தது. என் மனதில் இருந்ததை அவர் 1962-லேயே படித்துவிட்டு, அதற்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றிருக்கிறார். நான் அவரைப் பற்றி ஒரு வரியும் சரியாகப் படிக்கவில்லை. படிக்கிற அந்த வித்தையும் அவருக்கே வந்தது.

பிறகு என்னால் முடிந்தவரை விசாரித்தேன். பால்காரம்மாவிடம் 1966 நவம்பரில் கேட்டேன். "பிடிச்சுக்கிட்டு இருந்தேன் சாமி, ஊசியைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கிட்டேன்" என்றார். டாக்டருக்கு, அவர் மாற்றலாகிப் போன ஊருக்கு 1967-இல் நடந்ததை முழுவதும் எழுதிக் கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. ரிஜிஸ்டரில் அந்த இரண்டு வரிகளும் அப்படியே இருக்கின்றன, ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல். மருந்து போட்ட மற்றப் பதினோரு கன்றுகளில் ஒன்றும் அந்தப் பருவத்தில் இருமவில்லை. இது ரிஜிஸ்டரில் உள்ளது; நான் சரிபார்த்திருக்கிறேன்.

1962 பிப்ரவரி 4-ஆம் தேதி இறந்த கன்றுக்குப் போட்டது மருந்தா, உப்பு நீரா என்பது, இதை எழுதும் 1969 மார்ச் வரை, உறுதி செய்யப்படவில்லை.